எட்டாம் தடத்தின் வாடிக்கையாளர்

வளையக்காரர் என்று சொன்னால்தான் அந்த நான்கு மாடித் தொலைபேசிக் கட்டடத்தில் அவரைத் தெரியும். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. துப்புரவு வேலைக்குப் புதிதாக வந்த அம்மாள் ஒருவர், வளையல் விற்பவர் என்று நினைத்துக்கொண்டு, தன் கைக்கு எந்த அளவு சரியாக வரும் என்று அவரிடமே கேட்டிருக்கிறார். அவரும் சளைக்காமல், "என்கிட்ட ஒரே ஒரு வளையம்தாம்மா இருக்கு. அதுவும் என் கழுத்துல இருக்கு" என்றாராம்.

அந்த வளையம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரைச் சுற்றி ஆறு தொலைபேசி நிலையங்கள். ஆறையும் வட்டமாக இணைத்துத் தரைக்கடியில் ஒரு கண்ணாடி இழைக் கேபிள். அதற்குள் ஒளி ஓடுகிறது. சோனெட் என்று பெயர். தொலைபேசிப் பேச்சுக்காகவே பிறந்த ஏற்பாடு அது. விநாடிக்கு எட்டாயிரம் முறை, தப்பாமல், பேச்சைச் சுமந்துகொண்டு ரயில் போலப் பெட்டி பெட்டியாகப் புறப்படும். பெட்டியில் ஆள் இருந்தாலும் புறப்படும், காலியாக இருந்தாலும் புறப்படும். பிறகு கணினிகள் வந்தன. அவை தகவலைத் துண்டு துண்டாகக் கட்டி அனுப்பும் ஈத்தர்நெட் பொட்டலங்களுக்கு நேரமும் கிடையாது, அளவும் கிடையாது. ஒன்று குட்டி, ஒன்று குண்டு. ஒரு நொடி மொத்தமாக வந்து மோதும், அடுத்த நொடி ஆளே இருக்காது. இந்த அடங்காத கூட்டத்தை அந்த ஒழுங்கான பெட்டிகளில் ஏற்றி, ஒரு பெட்டி போதாவிட்டால் நாலைந்தைச் சேர்த்து ஒன்றாக்கி, மறுமுனையில் ஒரு பொட்டலமும் கசங்காமல் இறக்கிவிட வேண்டும். அதுதான் வளையக்காரரின் வேலை. அதில் அவர் சூரர். கர்வமும் உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும்.

வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு தடம் என்று வளையத்தில் நாற்பத்தொரு தடங்கள் அவர் கையால் போட்டவை. அதற்குப் பிறகு மூன்றாம் மாடியில் புதிய வலையமைப்பு வந்தது. சின்னஞ்சிறு கருவிகள், பெரிய வேகம், குளிரூட்டிய அறை, குளிர்க்கண்ணாடி போட்ட பொறியாளர்கள். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக மாடி ஏறிப் போனார்கள். வளையமும் வளையக்காரரும் மட்டும் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், கீழே கிடந்தார்கள்.

அந்த அறைக்கு இரண்டு விதிகள். வளையம் உயிரோடு இருக்கும்வரை அதைத் தெரிந்த ஒருவர் அரை மணி நேரத் தொலைவுக்குள் இருக்க வேண்டும். தெரிந்த ஒருவர் என்றால் இவர்தான், வேறு நாதி கிடையாது. இரண்டாவது விதி: தகவல் போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கிற தடத்தை வாடிக்கையாளரின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் தொடவே கூடாது. கடைசித் தடம் காலியானால் வளையத்தை அணைக்கலாம். வளையம் அணைந்தால் வளையக்காரர் போகலாம்.

போவதற்கு அவருக்கு இடம் இருந்தது. பதினாலு மணி நேர ரயில் தூரத்தில் இன்னோர் ஊரில் அவருடைய மனைவி தலைமைச் செவிலியர். ஆறு வருடங்களுக்கு முன் பதவி உயர்வோடு மாறுதல் வந்தபோது, "நீ முன்னாடி போ, ஆறே மாசத்துல நான் பின்னாலயே வந்துடறேன்" என்று வாய் கூசாமல் சொன்னவர் இவர்தான். மகளுக்கு அப்போது பதினொரு வயது. இப்போது பதினேழு. ஆறு மாதம் ஆறு வருடமானதற்கு ஒரே காரணம், எட்டாம் தடம்.

நாற்பது தடங்களும் போய்விட்டன. எட்டாவது மட்டும் போகவில்லை. தொழிற்பேட்டையில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனி. அங்கிருந்து ஊர் நடுவே இருந்த அவர்களுடைய விற்பனைக் கிளைக்குப் போகிற தடம். வளையக்காரரின் அறையில் இருந்த மின்சுற்று அட்டையில் அதன் பச்சை விளக்கு இமைக்க நேரமில்லாமல் துடித்துக்கொண்டே இருக்கும். திரையில் பார்த்தால் தடம் முழுக்க நிரம்பி வழியும். காலையில் பார்த்தாலும் அதே, ஞாயிற்றுக்கிழமை பார்த்தாலும் அதே. "என்ன உழைப்புடா சாமி! இந்த ஊர்ல இவங்க ஒருத்தங்கதான் வேலை செய்யறாங்க போலிருக்கு" என்று ஆரம்பத்தில் மெச்சிக்கூட இருக்கிறார். புதிய வலையமைப்புக்கு மாறச் சொல்லி வருடம் தவறாமல் ஒரு கடிதம் எழுதுவார். வாடிக்கையாளரோடு நேரே பேசும் உரிமை அவருக்குக் கிடையாது. கடிதம் இரண்டாம் மாடி விற்பனைப் பிரிவு வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு கடிதமும் கிணற்றில் போட்ட கல்தான்.

மனைவி எட்டாம் தடத்துக்கு வைத்த பெயர் சக்களத்தி. போனில் முதல் கேள்வியே, "என் சக்களத்தி என்ன சொல்றா? விடமாட்டாளாமா?" என்பதுதான். மகளும் லேசுப்பட்டவள் இல்லை. "அப்பா, சின்னம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? நல்லா இருக்காங்களா?" என்று விசாரிப்பாள். மூவரும் சிரிப்பார்கள். நாலாவது வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமே முடிய ஆரம்பித்தது.

மனைவி வேறொன்றும் சொல்வாள். கோபம் வந்து, சண்டை போட்டு, ஓய்ந்த பிறகு சொல்வாள். "நீங்க எங்களை ரயில் ஏத்திவிட்ட அந்த ஒரு நாள் இருக்கே. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உங்க போன் ஒரு தடவைகூட அடிக்கலை. நீங்களும் எடுத்துப் பாக்கலை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த ஒரு நாள்தான் முழுசா எங்களோட இருந்தீங்க. அதை வச்சுதான் ஓட்டிட்டு இருக்கேன்." அப்படிச் சொன்னால் அவர் ஏதாவது சாக்குச் சொல்லிப் போனை வைத்துவிடுவார்.

இந்த வருடம் ஒரு கடிதம் வந்தது. மனைவி இருக்கிற ஊரின் தொலைபேசி நிலையத்தில் ஒரு இடம் காலி. மாதக் கடைசி நாளுக்குள் வந்து சேர்ந்தால் அவருக்கு. இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு. அடுத்தவர் முப்பது வயதுக்காரர், அவர் உட்கார்ந்தால் அந்த நாற்காலி இனி காலியாகாது. அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று வளையக்காரர் மனதில் இருந்தது. மகள் பள்ளிப்படிப்பை முடிக்கிறாள். இரண்டு மாதம் கழித்து மேற்படிப்புக்கு வெளியூர் போகிறாள், விடுதி வாசம். இப்போது போனால் அந்த இரண்டு மாதம் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். விட்டால் அது போனது போனதுதான்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. முதல் நாளே இரண்டாம் மாடிக்கு ஏறினார்.

"எட்டாம் தடமா? நாங்கதான் வருஷா வருஷம் அனுப்பிட்டு இருக்கோமே சார்" என்றார் விற்பனைப் பிரிவுக்காரர், தலையை நிமிர்த்தாமல்.

"பதில்?"

"வரலை."

"வரலைன்னா ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேட்டுத்தானே சார் அடுத்த கடிதம் அனுப்பறோம்."

வளையக்காரர் கீழே இறங்கி வந்து, பச்சை விளக்கைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அட்டைப்பெட்டிக் கம்பெனியின் முதலாளியை அவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் மனதுக்குள் ஆறு வருடமாக ஒரு உருவம் செய்து வைத்திருந்தார். தொப்பை, மோதிரம், யார் சொன்னாலும் கேட்காத முகம். அந்த முகத்தை அன்றைக்குக் கையில் கிடைத்த வார்த்தைகளால் எல்லாம் திட்டித் தீர்த்தார்.

நாலு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் காலை, வாடிக்கையாளரோடு நேரே பேசக் கூடாது என்ற விதியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டைக்கே போனார். காலில் விழுந்தாவது ஒரு கையெழுத்து வாங்கி வருவது என்று தீர்மானம். ஒப்புதல் படிவம் பையில் இருந்தது. இரண்டு பேனாவும் இருந்தது.

கம்பெனி வாசலில் மெத்தைகள் அடுக்கியிருந்தன. உள்ளேயும் மெத்தைகள். கூரை வரைக்கும் மெத்தைகள். காவலாளி ஒரு மெத்தைமேல் உட்கார்ந்திருந்தார்.

"அட்டைப்பெட்டிக் கம்பெனி எங்கேங்க?"

"அதை மூடி ஆறு வருஷம் ஆச்சே சார். ஒரு வாரம் லீவுன்னு சொல்லிப் பூட்டிட்டுப் போனாங்க. திறக்கவே இல்லை. இப்ப இது மெத்தை குடோன்."

"மூடியாச்சா? நல்லாப் பாருங்க. இன்னிக்குக் காலையிலகூட இங்கேர்ந்து ஆள் மாத்தி ஆள் வேலை பாக்கற மாதிரி போக்குவரத்து இருந்ததே."

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். வெயில் ஏறவில்லை, ஆள் பார்வைக்கும் தெளிவாகத்தான் இருக்கிறார். "மெத்தைங்க சார்" என்றார் பரிதாபமாக. "மெத்தை என்ன வேலை பாக்கும்?"

மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து அறை. அங்கே சுவரில் வளையக்காரரின் இலாகா மாட்டிய பெட்டி அப்படியே இருந்தது, விளக்கு எரிய. அதிலிருந்து ஒரு கம்பி இறங்கி, மேசைமேல் இருந்த பழைய பிரின்டருக்குள் போயிற்று. பிரின்டரும் உயிரோடு இருந்தது. அதன் சின்னத் திரையில் 'காகிதம் இல்லை' என்று எழுதியிருந்தது. பிரின்டர் தலைமேல் ஒரு சாப்பாட்டுப் பாத்திரம்.

"அதை அணைச்சுடாதீங்க சார்" என்று பதறினார் காவலாளி. "அது மேல வச்சா மதியம் வரைக்கும் சோறு சூடா இருக்கும். நான் வந்த நாள்லேர்ந்து அப்படித்தான்."

வளையக்காரர் பாத்திரத்தைப் பத்திரமாக இறக்கி வைத்தார். கம்பியைப் பிடுங்கினார். பிரின்டரை மட்டும் விட்டுவிட்டார், அந்த மனிதர் சோற்றில் ஏன் கை வைக்க வேண்டும். அங்கிருந்து நேராக ஊர் நடுவே இருந்த விற்பனைக் கிளைக்குப் போனார். அங்கே ஒரு பல் மருத்துவர் இருந்தார். இடத்தை வாங்கிய புதிதிலேயே பழைய கம்பிகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டதாகவும், அதற்கு நாலு வருடம் ஆகிறது என்றும் சொல்லி, பல்லில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். பல்லில் இல்லை என்று சொல்லிவிட்டு இவர் திரும்பினார்.

வழியெல்லாம் சந்தோஷம். ஒரு முனையில் கம்பியே இல்லை, மறுமுனையில் கம்பியைப் பிடுங்கியாயிற்று. இனி அனுப்ப ஆள் இல்லை, வாங்கவும் ஆள் இல்லை. தடம் காலியாகி இருக்கும். ரயிலுக்கு முன்பதிவு செய்கிற யோசனையோடுதான் அறைக் கதவைத் திறந்தார்.

பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. திரையில் தடம் நிரம்பி வழிந்தது. காலையில் இருந்ததில் ஒரு துளி குறையவில்லை.

முப்பது வருட அனுபவத்தில் அவர் பயந்தது அந்த ஒரு முறைதான். அனுப்புகிறவர் இல்லை, பெறுகிறவர் இல்லை, ஆனால் போக்குவரத்து ஓடுகிறது. பேய் பிசாசில் நம்பிக்கை உள்ளவராக இருந்திருந்தால் பூட்டிவிட்டு ஓடியிருப்பார். அந்த வசதி அவருக்கு இல்லை. ஒரு தாளை எடுத்து எட்டாம் தடத்தை முதலிலிருந்து வரைய ஆரம்பித்தார்.

தொழிற்பேட்டை நிலையத்தில் ஒரு அட்டை, ஊர் நடு நிலையத்தில் ஒரு அட்டை. இரண்டுக்கும் நடுவே வளையத்தின் இடப்பக்கமாக ஒரு வழி. வலப்பக்கமாக இன்னொரு வழி. பெரிய வாடிக்கையாளர்களுக்கு இரண்டு வழி இருப்பது வழக்கம் என்பதால், இத்தனை வருடமும் கண் அதைத் தாண்டிப் போயிருந்தது. இப்போது பென்சில் தாண்டவில்லை. இரண்டு வழிகளும் திறந்திருந்தன. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால், இடப்பக்கம் போகிற பொட்டலம் வலப்பக்கமாகத் திரும்பி வரும், வந்தது மறுபடி இடப்பக்கம் போகும். அதைத் தடுக்க ஒரு காப்பு உண்டு. அதுவும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சோனெட்டுக்குத் தன் பெட்டிகளுக்கு உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் வழக்கம் கிடையாது. ஈத்தர்நெட் பொட்டலத்திலோ, இத்தனை சுற்று சுற்றினால் போதும், செத்துப் போ என்று எழுத இடமே கிடையாது. தன்னந்தனியாக ஒரு பிரின்டர், காகிதம் இல்லாமல், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று எல்லோருக்கும் பொதுவாக அவ்வப்போது ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறது. வந்த ஒவ்வொன்றும் உள்ளேயே தங்கிவிட்டது. தடம் நிறையும்வரை சேர்ந்து, நிறைந்த பிறகும் வெளியே போக வழி தெரியாமல், ஊரைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. இவர் அதற்குக் காவல்.

இரண்டாவது வழியை எந்த மடையன் திறந்து வைத்தான் என்று பார்க்கப் பழைய வேலைப் பதிவேட்டை எடுத்தார். பக்கங்களைப் பின்னால் புரட்டிக்கொண்டே போனார். கிடைத்தது. எழுத்து அவருடையது. 'எட்டாம் தடத்துக்கு இரண்டாம் வழி போட்டேன். காப்பு அணைப்பு. தற்காலிகம். திங்கட்கிழமை எடுக்க வேண்டும்.' மேலே தேதி.

அந்தத் தேதியை அவர் மறப்பாரா? ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமைதான் மனைவியையும் மகளையும் ரயில் ஏற்றிவிட்டார்.

எல்லாம் ஒரே மூச்சில் ஞாபகம் வந்தது. அந்த வாரம் தொழிற்பேட்டைச் சாலையில் குழாய் பதிக்கத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எந்த நிமிடமும் மண்வெட்டி கேபிளில் இறங்கலாம். எட்டாம் தடத்துக்கு ஒற்றை வழிதான். அறுந்தால் கண்காணிப்பு அறையில் மணி அடிக்கும், அவர்கள் இவரைக் கூப்பிடுவார்கள், இவர் ரயில் நிலையத்திலிருந்து ஓடி வர வேண்டும். அந்த ஒரு நாள் மட்டும் போன் அடிக்கக் கூடாது என்று நினைத்தார். அதனால் சுற்றுவழியாக இன்னொன்று போட்டார். காப்போடு போட்டிருக்கலாம். ஆனால் காப்பை இயக்கினால் அட்டை ஒரு முறை அணைந்து எரியும், அதில் இருந்த வேறு மூன்று வாடிக்கையாளர்கள் கத்துவார்கள், அதற்கும் போன் வரும். கம்பெனிக்கோ ஒரு வாரம் லீவு. ஆளே இல்லாத வீட்டில் இரண்டு கதவும் திறந்திருந்தால் என்ன, திங்கட்கிழமை வந்து ஒன்றைச் சாத்திவிடலாம் என்று கணக்குப் போட்டார். பிரின்டர் என்று ஒன்று உள்ளே இருப்பதை அவர் எங்கே கண்டார்?

திங்கட்கிழமை வந்தார். வீட்டில் யாரும் இல்லாத முதல் திங்கட்கிழமை அது. காலையில் காபி போடத் தெரியாமல் வெறும் வயிற்றோடு வந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் அழுதார். எதை எடுக்க வேண்டும், எதைப் போட வேண்டும் என்ற நினைப்பே இல்லை.

பதிவேட்டை மூடினார். இரண்டாம் வழியைத் திரையில் தேர்ந்தெடுத்து நீக்கினார். விளக்கு உடனே நின்றது. எண் பூஜ்யத்துக்கு இறங்கியது. போனை மேசைமேல் முன்னால் வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிட்டுக் குறை சொல்வார்களா என்று மத்தியானம் முழுக்கக் காத்திருந்தார். ஒரு வாடிக்கையாளராவது கூப்பிட்டுத் திட்டினால் தேவலை என்று இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

ஒப்புதல் படிவத்தில் 'வாடிக்கையாளர் கையொப்பம்' என்ற கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். அதை எடுத்துக்கொண்டு நாலாம் மாடிக்குப் போய் மேலாளர் அம்மாளிடம் கொடுத்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். வளையக்காரரின் மகளைவிடப் பத்து வயதுதான் மூத்தவர் மேலாளர். படிவத்தை இரண்டு முறை படித்தார்.

"இந்தக் கையெழுத்து உங்களுதுதானே சார்?"

"ஆமாங்க மேடம். எட்டாம் தடத்துக்கு வேற ஆள் கிடையாது. நான்தான்."

"இதை நான் எழுத்துல வாங்கினா விசாரணை வைக்கணும். விசாரணை முடியற வரைக்கும் மாறுதல் கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

மேலாளர் அந்தப் படிவத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு வேறொரு வெற்றுப் படிவத்தை எடுத்து நீட்டினார். "இது காலித் தடத்துக்கான படிவம். தடத்துல போக்குவரத்து இருக்கா இல்லையான்னு மட்டும்தான் கேக்குது. இப்ப இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப இல்லைன்னு எழுதுங்க. ஏன் இல்லைன்னு கேக்க இதுல கட்டம் கிடையாது."

எழுதினார். இரண்டு நாளில் விடுவிப்பு உத்தரவு வந்தது. ஆறு நிலையங்களுக்கும் போய் வளையத்தை ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசியாகத் தன் அறை. மின்விசிறிகள் நின்றதும் வந்த அமைதி அவருக்குப் பழக்கமில்லாதது. அங்கே நிற்கப் பிடிக்காமல் வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"உத்தரவு வந்துடுச்சு. நாளைக்கு ரயில்."

மறுமுனையில் மனைவி மகளைக் கூவி அழைப்பது கேட்டது. சிரிப்பும் அழுகையுமாக என்னவோ சத்தம். பிறகு திரும்பி வந்து, "அப்ப சக்களத்தி ஒருவழியா விட்டுட்டாளா? யாருங்க அவ? எனக்கு அவ முகத்தைப் பாக்கணும். ஆறு வருஷம் என் புருஷனைப் பிடிச்சு வச்சவ எப்படி இருப்பான்னு பாக்கணும்" என்றாள்.

கம்பெனி மனசு மாறிவிட்டது என்று ஒரு பொய் சொல்லிவிடலாம். அலுவலகத்துக்கே ஒரு கட்டம் குறைவாக எழுதியாயிற்று. மனைவியிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"யாரும் இல்லை. நான்தான்" என்றார். பிரின்டரையும், சுற்றுவழியையும், வெள்ளிக்கிழமையையும் சொன்னார். முதல் திங்கட்கிழமையிலேயே எடுத்திருக்க வேண்டியது என்றும் சொன்னார்.

"எந்த வெள்ளிக்கிழமை?" என்று கேட்டாள் கடைசியில்.

"நீங்க கிளம்பறதுக்கு முந்தின நாள்."

"எதுக்காகப் போட்டீங்க?"

"நீங்க ரயில் ஏறற அந்த ஒரு நாளாவது போன் அடிக்கக் கூடாதுன்னு."

தூரத்தில் மகள், "என்னம்மா? அப்பா வர்றாங்களா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வளையக்காரர் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மனைவி என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார்.

"அடிக்கலைதான்" என்றாள் அவள்.